பிறர் துயரத்தைக் கேட்கும் வேலை: புதிய தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்முறைக்கு ஆளானவர்கள், போரிலிருந்து தப்பி வந்தவர்கள், பேரிடரில் வீட்டு மனிதர்களைப் பறிகொடுத்தவர்கள். இவர்களுக்குத் துணை நிற்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடும்: "உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்." எப்படி என்று கேட்டால் மூச்சுப் பயிற்சி, தியானம், நடை, நல்ல தூக்கம் என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் தப்பு எதுவும் இல்லை. கடைசியில் நிற்க வேண்டியது முதலில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

2006-ல் கனடாவைச் சேர்ந்த டெட் போபர், ஷெரில் ரெகர் என்ற இருவர் 259 சிகிச்சையாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பிறருடைய அதிர்ச்சிக் கதைகளைக் கேட்டுக் கேட்டு வரும் பாதிப்பு யாருக்கு அதிகம் என்று பார்த்தபோது, அதிர்ச்சிக்கு ஆளானவர்களோடு செலவழித்த நேரம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொருந்திவந்தது. பொழுதுபோக்குக்கும் தன்னைக் கவனித்துக்கொள்வதற்கும் ஒதுக்கிய நேரத்துக்கும் பாதிப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேசிய நேரத்துக்கும் அப்படியே. ஓர் ஆய்வை வைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வேலைக்குள் இருக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மனம் பலமாக இருக்கிறதா, பலவீனமாக இருக்கிறதா என்பதைவிட எத்தனை மணி நேரம், எத்தனை பேர், இடையில் எவ்வளவு இடைவெளி, முடிந்ததும் பக்கத்தில் யார் என்பதுதான் பெரிய விஷயம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகும்.

முதலில், எது எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள்

"மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். உண்மையில் மூன்று வேறு வேறு விஷயங்கள் நடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ஒன்று, இரண்டாம் நிலை அதிர்ச்சி. நடந்தது உங்களுக்கு இல்லை, ஆனாலும் பாதிக்கப்பட்டவருக்கு வருகிற அறிகுறிகளே உங்களுக்கும் வரும். அவர் சொன்ன ஒரு காட்சி பாத்திரம் கழுவும்போது திடீரென்று கண்முன் வந்து நிற்கும். கதவு தட்டும் சத்தத்துக்கு உடம்பு துள்ளும். அந்தக் குறிப்பிட்ட தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவீர்கள். இது மாதக்கணக்கில் சேர்ந்துதான் வர வேண்டும் என்றில்லை, ஒரே ஒரு கதையிலும் வரலாம். உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1990-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய் கண்டறியும் கையேடு இன்னும் ஒரு படி போய், தொழில்முறையில் திரும்பத் திரும்பக் கொடூரமான விவரங்களைக் கேட்க நேர்வதையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நோய்க்கான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே "கேட்டதற்கே இப்படியா?" என்று யாராவது சிரித்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இரண்டாவது மெல்ல வருவது. லிசா மெக்கான், லாரி பேர்ல்மன் இருவரும் 1990-ல் இதை மறைமுக உளக்காயம் என்ற பொருளில் விவரித்தார்கள். அறிகுறி என்று காட்ட எதுவும் இருக்காது. உலகத்தைப் பார்க்கும் பார்வை மாறிப்போகும். பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினால் சந்தேகம் வரும். மனிதர்கள் பொதுவாக நல்லவர்கள் என்ற நினைப்பு எப்போது போனதென்றே தெரியாமல் போயிருக்கும்.

மூன்றாவது பர்ன் அவுட், அதாவது வேலையிலேயே எரிந்து தீர்ந்துபோன மாதிரியான சோர்வு. இதற்குக் கொடூரமான கதை எதுவும் தேவையில்லை. அதிக வேலையும் குறைந்த ஆதரவும் போதும். உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் இந்தச் சொல்லை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது கம்பெனி ஊழியர்களை அல்ல, இலவச மருத்துவ மையத்தில் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தவர்களை. இன்று எல்லா அலுவலகத்திலும் புழங்கும் சொல் நம்மைப் போன்றவர்களைப் பார்த்து எழுதியது.

பர்ன் அவுட்டுக்கு விடுமுறையும் வேலைக் குறைப்பும் ஓரளவு உதவும். மனதில் ஒட்டிக்கொண்ட காட்சிக்கு விடுமுறை மட்டும் போதாது. சில சமயம் வேலையில்லாத நாளில் அது இன்னும் அதிகமாக வரும். உலகப் பார்வை கறுத்துப்போனதற்கு வேறு மாதிரி மனிதர்களும் வேறு மாதிரி வேலையும் தேவை.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேள்வி கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள்? ஒரு ஷிஃப்டில் தொடர்ந்து எத்தனை பேரிடம் பேச வேண்டியிருக்கும்? நான் பணியில் இருக்கும் நேரம் முழுவதும் போனில் கிடைக்கக்கூடிய மூத்தவர் யார்? இரவு பதினொரு மணிக்கு ஒரு மோசமான அழைப்பு முடிந்தால் அப்போதே யாரிடம் பேசுவது, மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டுமா? சில வகைச் சம்பவங்களை எனக்குத் தர வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் அதற்கு என்ன ஏற்பாடு?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். நல்ல அமைப்பில் அதற்கு ஓர் ஏற்பாடு இருக்கும், சொல்வதற்கும் தயங்க மாட்டார்கள். "இங்கே எல்லோரும் ஒரு குடும்பம் மாதிரி, அதெல்லாம் பிரச்சினையே வராது" என்று வந்தால் அது பதில் இல்லை. யாரும் யோசித்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். நான் அப்படிப்பட்ட இடத்தில் சேர அவசரப்பட மாட்டேன்.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். ஐ.நா. அமைப்புகளும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து இயங்கும் நிலைக்குழு, நெருக்கடிகளில் மனநல உதவி பற்றி 2007-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ஊழியர்கள் தன்னார்வலர்கள் இரு சாராருக்கும் வரும் மன பாதிப்பைத் தடுப்பதும் கவனிப்பதும் செய்ய வேண்டிய பணிகளில் ஒன்றாகத் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. சம்பளம் வாங்காததால் கேட்க உரிமை இல்லை என்று நாமாக நினைத்துக்கொள்வதுதான் அதிகம்.

உங்கள் பழைய காயம்

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலருக்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கும். அது தகுதிக் குறைவு இல்லை. சொல்லப்போனால், இப்படிப்பட்ட பல அமைப்புகளைத் தொடங்கியதே பாதிக்கப்பட்டவர்கள்தான். ஆனாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். லாரி பேர்ல்மனும் பாலா மெக் இயனும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சொந்த அதிர்ச்சி அனுபவம் உள்ள சிகிச்சையாளர்களுக்குப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. அவர்களிலும் வேலைக்குப் புதியவர்கள்தான் அதிகம் திணறினார்கள். அனுபவமும் ஆதரவும் சேரும் வரை முதல் கொஞ்ச காலத்துக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாளில், உங்களுக்கு மட்டும், எந்த மாதிரிக் கதை வந்தால் உங்களுடைய கதை விழித்துக்கொள்ளும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு வயது, ஓர் உறவு, ஒரு வகை இடம், ஒரு வாசனைகூட இருக்கலாம். அப்புறம் ஒருங்கிணைப்பாளரிடம் முடிவை மட்டும் சொல்லுங்கள்: "சிறு குழந்தைகள் சம்பந்தப்பட்டது இப்போதைக்கு எனக்கு வேண்டாம்." ஏன் என்று விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏன் என்று குடைகிற ஒருங்கிணைப்பாளரும் இந்த வேலைக்குப் புதியவர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு நடந்தது இன்னும் ஆறாமல் இருக்கிறது, அல்லது நெருங்கியவரின் இழப்பு இப்போதுதான் நடந்திருக்கிறது என்றால், நேரடியாகக் கேட்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். கணக்கு பார்க்க, பொருள்களை அடுக்க, வண்டி ஓட்ட ஆள் கிடைக்காமல் எல்லா அமைப்பும் தவிக்கிறது. அதுவும் அதே வேலைதான்.

அளவை முதலில் நிர்ணயியுங்கள்

ஆர்வத்தில் வருகிறவர்கள் முதல் மாதத்தில் கிடைக்கிற ஷிஃப்டையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள். ஆள் பற்றாக்குறை வேறு, யாரும் தடுக்கவும் மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு ஷிஃப்டோடு தொடங்கி, இரண்டு மூன்று மாதம் போன பிறகு கூட்டுவதா என்று யோசிப்பது பாதுகாப்பானது. ஒரே நாளில் கனமான இரண்டு சந்திப்புகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் கோப்பு அடுக்குவது, படிவம் நிரப்புவது என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்பு இல்லை, உணர்ச்சியெல்லாம் எழுத வேண்டாம். தேதி, எத்தனை மணி நேரம், எவ்வளவு கனம் (ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்), அன்று இரவு தூக்கம் எப்படி. அவ்வளவுதான். பெயர், ஊர், சம்பவம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஆறேழு வாரம் கழித்துப் புரட்டினால் நினைவு சொல்லாத விஷயத்தை நோட்டு சொல்லும்: வாரம் ஒரு ஷிஃப்ட் என்று சொல்லிச் சேர்ந்தவர் மூன்று செய்துகொண்டிருப்பார், ஐந்து போட்ட நாளெல்லாம் தூக்கம் கெட்டிருக்கும். "கொஞ்சம் களைப்பாக இருக்கிறது" என்று போய்ச் சொல்வதைவிட இந்தப் பக்கத்தைக் காட்டினால் ஒருங்கிணைப்பாளர் அட்டவணையை மாற்றுவது சுலபம்.

கணக்கில் வராத நேரமும் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வரும் படங்கள், ராத்திரி படுக்கையில் படிக்கிற கோப்பு, பாதிக்கப்பட்டவரே அனுப்பும் குரல் பதிவுகள். இவையெல்லாம் ஷிஃப்டுதான், நோட்டில் எழுதுங்கள். குழுவில் படங்கள் தானாகப் பதிவிறக்கம் ஆகாதபடி முதல் நாளே போனில் மாற்றிவிடுங்கள். சாட்சியங்களைத் தட்டச்சு செய்கிறவர்கள் ஆளையே பார்ப்பதில்லை, அதனால் பாதிப்பும் இல்லை என்று நினைப்பது தவறு. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுகிறவர்கள் அவர்கள்தான். வேலைக்குத் தேவையில்லையென்றால் படத்தைச் சிறிதாக்கி, கறுப்பு வெள்ளையில் பாருங்கள். ஒலி தேவையில்லையென்றால் ஒலியை அணைத்துவிட்டு வீடியோ பாருங்கள். சத்தமும் பல நாள் மனதோடு வரலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது

"அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வேலையில் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். உளவியலாளர் டேனியல் பேட்சன் குழு 1997-ல் செய்த சோதனையில், மற்றவர் எப்படி உணர்கிறார் என்று கற்பனை செய்தவர்களுக்குப் பரிவு வந்தது. தானே அந்த நிலையில் இருந்தால் என்று கற்பனை செய்தவர்களுக்குப் பரிவோடு சொந்தத் தவிப்பும் சேர்ந்து வந்தது. தவிப்பு வந்தவர் எதிரில் இருப்பவரைக் கவனிப்பதை விட்டுவிட்டுத் தன் தவிப்பை அடக்கப் பார்ப்பார். பேச்சை மாற்றுவார், சீக்கிரம் ஆறுதல் சொல்வார், அறிவுரை தருவார். ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழு 2014-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்விலும் இதே திசை தெரிந்தது: பிறர் வலியை அப்படியே உணரப் பழகியவர்களுக்கு மனக் கஷ்டம் கூடியது, பிறகு அவர் நன்றாக இருக்க வேண்டும் என்ற பரிவைப் பழகியபோது அது குறைந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஹெல்ப்லைனில் ஒரு பெண் பேசுகிறார் என்று வையுங்கள். கணவன் உள்ளே வந்து கதவைத் தாழிட்ட சத்தம் வரை சொல்லிவிட்டு நிறுத்துகிறார். உங்கள் மனம் தானாகவே அந்த அறைக்குள் போய் நிற்கும். சுவரின் நிறம், விளக்கு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் போட்டு நிரப்பும். அவர் சொல்லாததையும் சேர்த்து. பின்னால் தூக்கத்தில் வருவது பெரும்பாலும் நீங்கள் வரைந்த அந்த அறைதான். உள்ளே போகிறோம் என்று தெரிந்த உடனே பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், நாற்காலியின் முதுகை உணருங்கள், அவருடைய குரலுக்குத் திரும்புங்கள். குரல் நடுங்குகிறதா? பக்கத்தில் குழந்தை சத்தம் கேட்கிறதா? "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். "இப்போ நீங்க இருக்கிற இடம் பாதுகாப்பா இருக்காம்மா?" என்பதுதான் அந்த நேரத்தின் கேள்வி.

உலக சுகாதார நிறுவனமும் கூட்டு அமைப்புகளும் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி சொல்வதும் இதைத்தான்: பாருங்கள், கேளுங்கள், தேவையான உதவியோடு இணைத்துவிடுங்கள், நடந்ததை விவரமாகச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். விவரம் வாங்குவது விசாரணை அதிகாரியின் வேலை. அவராகச் சொன்னால் கேட்கிறோம், தோண்டுவதில்லை. இந்த ஒரு பழக்கம் அவரையும் காக்கும், உங்களையும் காக்கும்.

மொழிபெயர்த்துச் சொல்கிற தன்னார்வலர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பு முறைப்படி பாதிக்கப்பட்டவர் சொல்வதை "நான்" என்றே சொல்ல வேண்டும். "என்னைப் பிடித்துக் கட்டினார்கள்" என்று உங்கள் வாயால், உங்கள் குரலில், நாள் முழுக்க. இந்தப் பாரம் வெளியே யாருக்கும் தெரிவதில்லை, ஆலோசகருக்கு இருக்கும் ஓய்வும் கலந்துரையாடலும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைப்பதும் இல்லை. சந்திப்புக்கு முன் என்ன மாதிரி விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இடைவெளி கேளுங்கள், முடிந்ததும் ஐந்து நிமிடம் உங்கள் சொந்த "நான்"-இல் எதையாவது பேசுங்கள். அற்ப விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது.

கண் கலங்கினால்? கலங்கட்டும். அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வராமல் இருந்தால் போதும்.

முடிந்தபின் முதல் அரை மணி நேரம்

இதை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். போனை வைத்த கையோடு அடுத்த அழைப்பு, அல்லது நேராக வீட்டுக்கு. பதிலாக ஒரு நிலையான வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பதிவு: என்ன நடந்தது, என்ன செய்தோம், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும். தேவையானதை மட்டும் எழுதி, கோப்பை மூடி, அதன் இடத்தில் வையுங்கள். "நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டால் மறந்துவிடக் கூடாதே என்று மனம் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து உடம்பு. எழுந்து நடங்கள், முகம் கழுவுங்கள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி ஐந்தாறு முறை செய்யுங்கள். மூச்சுப் பயிற்சிக்கு உரிய இடம் இதுதான். அந்த நேரத்தின் படபடப்பைக் குறைக்கும், அட்டவணையின் கோளாறைச் சரிசெய்யாது.

காட்சி ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டு போகவில்லையென்றால், கண்ணுக்கும் கைக்கும் வேலை தருகிற எதையாவது கொஞ்ச நேரம் செய்யுங்கள். எமிலி ஹோம்ஸ் குழு 2009-ல் ஒரு சோதனை செய்தது. கோரமான காட்சிகள் உள்ள படத்தைப் பார்த்தவர்களில் சிலர் பிறகு டெட்ரிஸ் என்ற, விழும் கட்டைகளை அடுக்கும் வீடியோ விளையாட்டை விளையாடினார்கள். விளையாடாதவர்களைவிட அவர்களுக்கு அந்தக் காட்சிகள் திடீர் திடீரென்று நினைவுக்கு வருவது குறைந்திருந்தது. சோதனைக்கூட முடிவு, உத்தரவாதம் இல்லை. ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. படம் வரைவது, துண்டுகளைச் சேர்க்கும் புதிர் என்று எதுவும் முயன்று பார்க்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில் குற்றச் செய்தி கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வியப்பாக இருக்கும், இந்த வேலை செய்கிறவர்களில் பலர் ஓய்வு நேரத்திலும் கொலைக் கதைகள்தான் பார்க்கிறார்கள்.

யாரிடம், எவ்வளவு சொல்வது

சொல்லாமல் அடக்கக் கூடாது என்பது சரி. அதற்காக எதிர்ப்பட்டவர் தலையில் கொட்டுவதும் சரியில்லை. கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் சக தன்னார்வலரிடம், முன்னறிவிப்பே இல்லாமல் கொடூரமான விவரத்தைச் சொல்லிவிட்டு நாம் லேசாகிவிடுவோம். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போவார். கனடாவைச் சேர்ந்த மனநல ஆலோசகர் பிரான்சுவாஸ் மத்தியூ இதற்கு ஓர் எளிய முறை சொல்கிறார். என்ன சொல்லப்போகிறோம் என்று முதலில் நமக்கே தெரிந்திருக்க வேண்டும், முன்கூட்டி எச்சரிக்க வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும், அப்புறம் தேவையான அளவே சொல்ல வேண்டும்.

பேச்சில் இப்படி இருக்கும்:

"அக்கா, இப்போ வந்த அழைப்பு ஒண்ணு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. குழந்தை விஷயம். பத்து நிமிஷம் பேசணும். உங்களால இப்போ கேட்க முடியுமா?"

"இப்போ முடியாதும்மா, நானே ஒண்ணு முடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். ஆறு மணிக்குக் கூப்பிடவா? அதுவரைக்கும் தாங்காதுன்னா மேற்பார்வையாளரைக் கூப்பிடு."

முடியாது என்று அவர் சொன்னது நல்லது. முடியாது என்று சொல்ல இடமிருக்கும் குழுவில்தான் முடியும் என்ற சொல்லுக்கும் மதிப்பு. பேச ஆரம்பித்தால், நடந்த கொடூரத்தை வரிசையாகச் சொல்ல வேண்டாம். அது உங்களுக்குள் என்ன செய்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

வீட்டில் ரகசியம் காக்க வேண்டியிருக்கிறதே என்று வாயை முழுக்க மூடிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆளைப் பற்றிச் சொல்லக் கூடாதே தவிர உங்களைப் பற்றிச் சொல்லலாம். "இன்னைக்குக் கனமான நாள், எதுவும் கேட்காதே, பக்கத்துல உட்காரு" என்பதில் யாருடைய ரகசியமும் இல்லை.

ஒரு பேரிடருக்குப் பிறகு, பணிபுரிந்த எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பார்த்ததை விவரிக்கச் சொல்லும் கூட்டங்கள் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. அப்படி ஒரே அமர்வில் பேசவைப்பது பிந்தைய மன பாதிப்பைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, சிலருக்குக் கெடுதலாகவும் ஆகலாம் என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி 2002-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. விருப்பமுள்ளவர்கள் கூடிப் பேசுவது வேறு. கட்டாயம் என்றால் வெளியே உட்கார்ந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

இனி மேற்பார்வைச் சந்திப்பு. ஆரம்பத்தில் சொன்ன ஆய்வில் இதற்கு ஒதுக்கிய நேரத்துக்கும் பாதிப்புக்கும் தொடர்பு தெரியவில்லை என்பது நினைவிருக்கும். அதற்காக இது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பேசிவிட்டு வந்தபிறகும் அட்டவணை அப்படியே இருந்தால் அந்தப் பேச்சு எதைக் குறைக்கப்போகிறது? உங்கள் மேற்பார்வையாளருக்கு உங்கள் நேரத்தைக் குறைக்கவும் ஒருவரை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்கவும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

அவர் திரும்பிப் போய்விட்டால்

பயிற்சியில் அதிகம் பேசாத விஷயம் இது. மாதக்கணக்கில் கூட இருந்து, தங்குமிடம் பார்த்துக் கொடுத்து, வழக்குக்குக் கூடப் போய் வந்த பெண், ஒருநாள் அடித்தவன் வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவார். புதியவர்களை உடைப்பது கொடூரமான கதைகளைவிட இதுதான். கோபம் வரும், அவர் மேலேயே. பிறகு கோபம் வந்ததற்காக வெட்கம் வரும்.

ஒரே தடவையில் வெளியேறி முடிப்பவர்கள் குறைவு. போவதும் திரும்புவதுமாகப் பல முறை நடந்துதான் பலரும் விடுபடுகிறார்கள். பணம், குழந்தைகள், பயம், இன்னும் விட்டுப்போகாத பாசம் எல்லாம் இதில் இருக்கிறது. வெளியேறும் நேரம்தான் அதிக ஆபத்தான நேரமாகவும் இருக்கலாம் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். உங்கள் வேலையின் அளவுகோல் அவர் எடுத்த முடிவு அல்ல. அடுத்த முறை கூப்பிடலாம் என்று அவருக்குத் தோன்றும்படி நடந்துகொண்டோமா என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

பலருடைய கதைக்கு முடிவே தெரியாது. ஒருமுறை கூப்பிட்டவர் மறுபடி கூப்பிட மாட்டார். தேடிப் போகத் தோன்றும். போகாதீர்கள், அவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். நீங்கள் பேசிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தால், அன்று ஷிஃப்டில் உட்காராதீர்கள். "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நீங்களே சொன்னாலும் உங்களை வீட்டுக்கு அனுப்புவது அமைப்பின் பொறுப்பு. துக்கம் உங்களுக்கும் உண்டு, உறவுக்காரராக இல்லாவிட்டாலும்.

சறுக்குகிறோம் என்று எப்படித் தெரியும்

தூக்கமின்மை, எரிச்சல், தலைவலி எல்லாம் எல்லோரும் சொல்வார்கள். இந்த வேலைக்கே உரிய சில அடையாளங்கள் வேறு. சொந்த போன் நம்பரைக் கொடுத்திருப்பீர்கள். அழைப்பை முடிக்க முடியாமல் இழுப்பீர்கள். இவரை என்னால் மட்டும்தான் புரிந்துகொள்ள முடியும் என்று தோன்றும். எதிர்த் திசையிலும் போகலாம்: ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பீர்கள், "இது ஒன்றும் பெரிய விஷயமில்லை" என்று மனம் தரம் பிரிக்கும். வீட்டில் மகள் பரீட்சைக் கவலையைச் சொன்னால் "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று வாயில் வந்துவிடும். இந்தக் கடைசி அடையாளத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவரிடம், நான் மாறிப்போனதாகத் தெரிந்தால் சொல்லிவிடு என்று முன்பே கேட்டு வையுங்கள். சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள்.

சுயமாகச் சோதித்துப் பார்க்க பெத் ஸ்டாம் உருவாக்கிய, புரோக்வால் என்று அழைக்கப்படும் 30 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. கடந்த 30 நாட்களை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். பர்ன் அவுட், இரண்டாம் நிலை அதிர்ச்சி, வேலையால் கிடைக்கும் நிறைவு என்று மூன்று மதிப்பெண்கள் வரும். நோய் இருக்கிறதா என்று சொல்கிற கருவி இல்லை அது. சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்பி, முன்பு வந்ததோடு ஒப்பிட்டால்தான் பயன்.

காட்சிகள் திரும்ப வருவதும் தூக்கம் கெடுவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வீட்டு வேலையும் பிழைப்பும் கெடத் தொடங்கினாலோ, தூங்குவதற்குக் குடி தேவைப்பட்டாலோ மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்றே.

அந்தப் படிவத்தின் மூன்றாவது மதிப்பெண் சும்மா வைத்ததல்ல. கொலம்பியாவின் பொகோட்டாவில் அரசியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு வேலை செய்த சிகிச்சையாளர்களைப் பற்றி 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் மீண்டெழுவதை அருகிலிருந்து பார்த்தது சிகிச்சையாளர்களுக்கே பலம் தந்திருந்தது. காயம் தொற்றுவதுபோல் இதுவும் தொற்றுகிறது, கவனித்தால். குழுக் கூட்டங்களில் மோசமான சம்பவங்களை மட்டும் பேசுவது வழக்கமாகிவிட்டிருந்தால், இந்த வாரம் யார் என்ன சாதித்தார் என்பதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு திறந்தார், தனியாகப் பேருந்தில் போனார், அந்த மாதிரி.

நிறுத்துவது

இடைவேளை எடுப்பது, வேறு வேலைக்கு மாறுவது, முழுதாக விலகுவது மூன்றும் சேரும் அன்றே தெரிந்திருக்க வேண்டிய வழிகள். அதிகம் பேர் செய்வது நான்காவது: ஷிஃப்டைத் தள்ளித் தள்ளிப் போட்டு, போனை எடுக்காமல், மெல்லக் காணாமல் போவது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இது இன்னொரு கைவிடல், உங்களுக்கும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

முடிவு செய்துவிட்டால் தேதியோடு சொல்லுங்கள். தொடர்ந்து சந்தித்துவந்தவர்களிடம் இரண்டு மூன்று சந்திப்புக்கு முன்பே தெரிவியுங்கள், அடுத்து வருபவரை ஒருமுறை உங்களோடு அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். "உங்களால் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். கோப்புகளை ஒப்படையுங்கள், போனில் இருக்கும் எண்களையும் குரல் பதிவுகளையும் அழியுங்கள், வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். பார்வையாளராக ஓரத்தில் இருந்துகொள்கிறேன் என்பது நடக்காது. ஏன் போகிறேன் என்பதை ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரியாவது எழுத்தில் கொடுங்கள், வேலை நேரம்தான் காரணம் என்றால் அந்த எண்ணிக்கையோடு. அடுத்து சேருகிறவருக்கு அது உதவும். இதே மாதிரி வேலைக்கு வேறோர் அமைப்பில் மறு வாரமே சேர்ந்துவிடாதீர்கள், சில மாதங்கள் போகட்டும். சேரும்போது மறுபடி முதலிலிருந்து, வாரம் ஒரு ஷிஃப்ட்.